பெரட்டுக்கு நேரமாச்சு

விடிகாலையில் எங்களை எழுப்ப அம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான். "எந்திரிங்க, பெரட்டுக்கு நேரமாச்சு."

அம்மா லெட்சுமி சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பன்னிரண்டு வயதிலேயே கொழுந்து பறிக்கப் போனவள். அங்கே விடியும் முன்பே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குத்தான் பெரட்டு என்று பெயர். பிந்திப் போனால் அரைப்பேர்தான். அன்றைக்குப் பாதிக் கூலி. கப்பலேறி வந்து, வில்பட்டியில் கேரட் பிடுங்கப் போகும் இந்தக் காலத்திலும் அம்மா அந்த வார்த்தையை விடவில்லை. ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் பேசுகிறது என்று நானும் அண்ணனும் நினைத்திருந்தோம்.

அண்ணன் சுரேந்திரன் 2006இல் பட்டாளத்துக்குத் தேர்வாகிப் பயிற்சிக்குப் போனான். அவனுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. நோட்டில் எட்டுப் பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். பஸ் வந்ததும் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். நோட்டை எடுத்து நீட்டக் கை வரவில்லை.

அந்த நோட்டே அவன் வாங்கித் தந்ததுதான். ஒன்பதாம் வகுப்பில் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். வாய் பூட்டிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. வீட்டில் திட்டாத ஆளில்லை. அண்ணன் மட்டும் சந்தையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி வந்து என் தலையணைக்கு அடியில் வைத்தான். தீர்ந்தால் இன்னொன்று வரும். என்ன எழுதுகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவன் போன பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. டெலிபோன் வைத்திருக்கும் மளிகைக் கடை ஞானவேல் அண்ணன் ரோட்டில் நின்று கத்தினார். "ஏ புள்ள! ஒங்கண்ணன் போனு! பத்து நிமிசத்துல திரும்பக் கூப்பிடுவானாம், வெரசா வா!"

அம்மாவும் அப்பாவும் கீழ்க்காட்டில் இருந்தார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன்.

"அம்மாவா?"

"நாந்தான்."

"பிரியாவா? அம்மாகிட்டச் சொல்லிரு. பட்டாளம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரப் போறேன்."

ஏன் என்று அவனே சொன்னான். முதல் நாள் பிந்தி ஓடியிருக்கிறான். எங்கே போகிறாய் என்று பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் கேட்டதற்கு, "பெரட்டுக்கு சார்" என்றிருக்கிறான்.

"எல்லாப் பயலும் சிரிச்சுட்டான். எதைப் பெரட்டப் போற, தோசையவான்னு. இப்ப எம் பேரே பெரட்டுதான். நான் லேட்டா வந்ததுக்கு மொத்தப் பேரையும் ஓடவிட்டாரு. அதுலருந்து ஒருத்தனும் பேசமாட்டேங்கிறான் புள்ள."

நான் நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு இடத்தில் திக்கினேன். நிறுத்தவில்லை.

"வெள்ளனே முழிச்சுக்க. ஷூவத் தலமாட்டுல வச்சுப் படு. பக்கத்துக் கட்டில்காரன் பேர மொதல்ல கேட்டுக்க, அவனுக்கும் பயமாத்தான் இருக்கும். அழுகை வந்தா குளிக்கப் போயிரு. தண்ணிச் சத்தத்துல தெரியாது."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"நான் அப்படித்தான அழுதேன்."

நான் நோட்டை மூடினேன். இனிச் சொல்ல வேண்டியது அதில் இல்லை.

"அண்ணே, வகுப்புல எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சாங்கள்ல. அது மிஞ்சிப் போனா மூணு நாள் நின்னுருக்கும். நான் வீட்டுல வந்து ஒக்காந்து மூணு வருசமாச்சு. நீ வந்துராத."

"பிரியா..."

"பெரட்டும் பரேடும் ஒண்ணுதாண்ணே. தொரைமாரு சொன்னது அம்மா வாயில அப்படி வந்திருக்கு. பன்னெண்டு வயசுல அம்மா அங்க போய் நின்னுச்சு. ஒரு நாளும் அரைப்பேர் வாங்கலன்னு சொல்லும். அவனுக சிரிச்சா நீயும் சேந்து சிரி. அவனுக எந்திரிக்க முன்னாடி நீ போயி நில்லு."

"ஏ புள்ள, நீயா பேசுற?" என்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. பின்னால் யாரோ விரட்டினார்கள். போன் நின்றுவிட்டது.

ஞானவேல் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடி ஆத்தே, ஒனக்கு வாயிருக்கா! மூணு வருசமா சீனி, பருப்புன்னு சீட்டுல எழுதி நீட்டுவியே, ஊமப்புள்ளன்னுல்ல நெனச்சேன்!"

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க பஸ் வந்து நிற்கும்போதெல்லாம், யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மாவும் என்னோடு வந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பேரு ஒழுங்கா விழுதாய்யா?"

கடைக்கு வெளியே கேட்கும்படி அவன் குரல் வந்தது. "முழுப்பேரும்மா! இப்ப எங்க ரூம்ல எல்லாப் பயலும் பெரட்டுக்கு நேரமாச்சுன்னுதான் எழுப்பிக்கிறான்!"

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஏன் என்று அவளுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. போன் என் கைக்கு வந்தது.

"அன்னைக்கு வாசிச்சியே, மிச்சம் இருக்கா?"

"ஏழு பக்கம் இருக்கு."

"அனுப்பு."

அண்ணன் கொடுத்த நோட்டிலிருந்து அந்தப் பக்கங்களை நூல் பிரியாமல் எடுத்தேன். அவனுக்கு நான் திருப்பிக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். சீட்டு எழுதவில்லை.

"அண்ணே, கவர் ஒண்ணு குடுங்க. பெருசா."