ஆயத்தப் படிவத்தின் ஏழாம் கேள்வி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சபையின் மாத இதழுக்கு, பரலோகத்துக்கு ஆயத்தமாயிருப்பது பற்றி மனதைத் தொடும்படி இரண்டு பக்கம் வேண்டும் என்று போதகர் கேட்டார். ஆராதனையில் கடைசி வரிசையில் கதவோரமாக உட்காருகிறவனிடம் கேட்கிற விஷயமா இது? முடியாது என்று சொல்ல வாய் வராமல் தலையாட்டிவிட்டேன். அப்போது அவர் மேசைமேல் ஒரு படிவம் கிடந்தது. கதை அதிலிருந்துதான் வந்தது.

அறுபது வயதைத் தாண்டியவர்கள் நிரப்பித் தரவேண்டிய ஆயத்தப் படிவம் அது. அடக்கத்தின்போது என்ன பாட்டு, யார் ஜெபிக்க வேண்டும், என்ன உடை, யார் யாருக்குத் தகவல் என்று ஆறு கேள்விகள் சுலபமாகப் போய்விடும். ஏழாவது இது: ‘நீங்கள் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறதா? யாரையாவது மன்னிக்க வேண்டியிருக்கிறதா?’ நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். எழுதியவர் இறந்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள்.

(ஏழாம் கேள்விக்கான பதிலைச் செத்த பிறகு பிரித்து யாருக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். எழுதும்போதே மனசு உறுத்தி, எழுந்துபோய்க் கேட்டுவிடுவார்கள் என்றார் போதகர். நல்ல மனிதர்.)

2

முதல் தொடக்கம்: ‘மரணத்தின் நிழல் படிந்த அந்த மாலைப் பொழுதில்’. அடித்துவிட்டேன். இந்தக் கதையில் நிழலும் இல்லை, மாலையும் இல்லை.

இரண்டாவது: ‘பரலோக வாசலில் ஒரு கிளார்க் உட்கார்ந்திருந்தால்’. இதற்கு அடுத்த வரி வரவே இல்லை.

மூன்றாவது தேறியது: சபை அலுவலகத்தில் அலமாரிக்கு மேலே ஓடும் தண்ணீர்க் குழாய் காலை ஒன்பதரைக்கு உடைந்தது.

3

அப்போது அறையில் இருந்தவள் கிளார்க்கம்மா. [அடிக்குறிப்பு: இவள் என் கற்பனை. எங்கள் சபையின் கிளார்க் ஓர் ஆண்; அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறவர்.] வயது அறுபத்து நான்கு. இருபத்திரண்டு வருடமாக இந்த அலுவலகம் அவள் கையில். படிவத்தை முதலில் நிரப்பியதும் அவள்தான். ஏழாம் கேள்விக்கு ‘இல்லை’ என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இருபத்து மூன்று உறைகள் நனைந்துவிட்டன. போதகர் வெளியூரில் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தார். மை கரைந்தால் அவ்வளவுதான் என்று பயந்து, உறைகளை அவளே பிரித்து, தாள்களை ஆராதனை மண்டபத்து பெஞ்சுகளில் வரிசையாகப் பரப்பி, மின்விசிறியைப் போட்டாள். பெயரை மட்டும் பார்ப்பது, மற்றதைப் படிப்பதில்லை என்று முடிவு. கண் என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது? பத்தாவது தாளுக்குள் யாருக்கு எந்தப் பாட்டு என்று அவளுக்கு மனப்பாடம்.

பதினெட்டாவது தாள் தெரிந்த கையெழுத்தில் இருந்தது. அவளுடைய ஓரகத்தி, அதாவது கணவனுடைய அண்ணன் மனைவி, குடும்பத்தில் எல்லோருக்கும் ‘பெரியவள்’. ஏழாம் கேள்விக்கு எதிரே இப்படி இருந்தது:

‘என் ஓரகத்தியிடம். அவள் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று காலை பத்து மணிக்கே போன் வந்தது. அன்று வீட்டில் முப்பது பேருக்கு விருந்து. சமையலுக்கு அவள் கை வேண்டியிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் சொன்னேன்.’

அம்மா இருந்த ஊருக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். அம்மாவின் உயிர் போனது நாலு மணிக்கு. போன் சாயங்காலம்தான் வந்தது என்று கிளார்க்கம்மா முப்பத்தோரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

4

அவளைக் கோபப்பட வைத்துவிட்டேன். சரியா என்று தெரியவில்லை. கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர், இத்தனை வருட விசுவாசிக்கு இவ்வளவு கோபம் வருமா என்றார். அவர் சபைக் கமிட்டிக் கூட்டங்களுக்கு வந்ததில்லை.

அவளுக்குக் கோபம் மறைத்ததற்காக மட்டுமல்ல. தன்னிடம் சொல்ல வேண்டியதைப் பெரியவள் ஓர் அலமாரியிடம் சொல்லிவிட்டு, தான் ஆயத்தம் என்று நிம்மதியாக இருக்கிறாளே, அதுதான் அவள் வயிற்றை எரித்தது.

பெரியவளைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன். சரிப்படவில்லை. கிளார்க்கம்மாவின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் கூடவே இருந்தவள் அவள். அந்த உறையைக் கிளார்க்கம்மாவின் கையில்தான் கொடுத்தாள். கொடுத்தபோது ஒருவேளை அவள்

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

5

மாத இதழுக்கான முடிவு: அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். போதகருக்கு ரொம்பப் பிடிக்கும். எழுதிய எனக்கே கூச்சமாக இருந்தது.

இன்னொன்று: பெரியவள் முதலில் போய்விடுகிறாள், விதிப்படி உறை பிரிக்கப்படுகிறது, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கிளார்க்கம்மா மன்னித்துவிடுகிறாள். பதில் பேச முடியாதவர்களை மன்னிப்பது கதாசிரியனுக்கு ரொம்ப வசதி.

உண்மையில் கிளார்க்கம்மாவும் இதைத்தான் நினைத்தாள். பெரியவளுக்கு எழுபத்தொன்று, சர்க்கரை வேறு, காத்திருந்தால் போதும். இரண்டு வாரம் ஜெபத்துக்கு உட்காரும்போதெல்லாம் இந்தக் கணக்கு ஓடியது. ஒரு நாள் ஜெபத்தின் நடுவிலேயே, தான் ஒரு சாவுக்காகக் காத்திருப்பது அவளுக்குப் புரிந்தது. பயந்துபோனாள். இந்த நிமிடம் கர்த்தர் கூப்பிட்டால் அவளால் போக முடியாது. அவள் எழுதிய ‘இல்லை’ இப்போது பொய். பெரியவளுடைய பதிலோ வந்துசேர வேண்டிய ஆளுக்கு வந்துசேரவே இல்லை. இருவரில் ஒருவரும் ஆயத்தமில்லை.

6

படிவம் நனைந்துவிட்டது, புதிதாக எழுத வேண்டும் என்று போன் செய்தாள். பொய்யில்லை, மை கரைந்துபோன இன்னும் மூன்று பேருக்கும் இதையே சொல்லியிருந்தாள்.

பெரியவள் கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். எழுத்து தெரியவில்லை, நீயே எழுதிவிடு என்று எதிரே உட்கார்ந்துகொண்டாள். இது எனக்கே எதிர்பாராத திருப்பம். பாட்டு எண்ணைச் சொன்னாள். உடை வெள்ளைதான், ஆனால் மொடமொடப்பானது வேண்டாம், கழுத்தில் குத்தும் என்றாள். கிளார்க்கம்மா அதையும் எழுதினாள். பிறகு ஏழாம் கேள்வியைப் படித்துக் காட்டினாள்.

பெரியவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

“பழசை யாரு பிரிச்சா?”

“நான்தான் அக்கா.”

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“அப்ப அதையே எழுதிக்கோ.”

கிளார்க்கம்மா பேனாவை மூடி வைத்தாள். “எழுத மாட்டேன். எங்கிட்ட சொல்லுங்க.”

பெரியவள் சுற்றி வளைத்தாள். விருந்தாளிகளைப் பற்றிச் சொன்னாள், மாமனாரின் கோபத்தைச் சொன்னாள், அடுப்பு மக்கர் செய்ததைக்கூட விடவில்லை. சொல்வதற்குக் காரணங்கள் தீர்ந்த பிறகு பெரியவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

“போனை வச்சதும் உன்னைத்தான் பார்த்தேன். உட்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்த. சொன்னா நீ கிளம்பிடுவேன்னு தெரியும். அதனாலதான் சொல்லல. தெரிஞ்சேதான் செஞ்சேன். என்னை மன்னிச்சிடு.”

7

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. மழுப்பல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ‘மன்னிச்சிட்டேன்க்கா’ என்று ஒரு தடவை எழுதினேன். ‘முடியலக்கா’ என்று ஒரு தடவை எழுதினேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்டது. மன்னிப்பை ஒரு தாளிடம் கேட்கக் கூடாது என்றால், அதை ஒரு தாளில் நானாக வழங்குவதும் முறையல்ல.

போதகரிடம் இதுவரைதான் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, இப்போது அவள் என்னதான் சொல்கிறாள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நீங்கள் வேண்டுமானால் சொல்லுங்கள். பெரியவள் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது, டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவளுக்கு அதிக நாளில்லை. அவளைச் சீக்கிரம் ஆயத்தமாக்கிவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். ஆனால் வாயைத் திறக்கும் முன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: அன்று நாலு மணி வரை ஒரு தாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், மகள் முப்பது பேருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.