மட்டிகள் வாய் மூடிய காலை

1

எப்போதோ பார்த்த ஒரு படத்தில்தான் இந்தக் கதை தொடங்கியது. குடிநீர் நிலையம் ஒன்றில், சிப்பி போன்ற ஆற்று மட்டிகளின் ஓட்டில் சின்னக் காந்தத்தை ஒட்டித் தொட்டியில் காவலுக்கு வைத்திருந்தார்கள். தண்ணீரில் நஞ்சு கலந்தால் மட்டி வாயை இறுக மூடிக்கொள்ளும்; எல்லாம் சேர்ந்து மூடினால் மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்டு எழுந்துபோகிறவர் யார்?

2

விடிந்தும் விடியாத பொழுதில் ஆற்றின் மேல் பனி... (வேண்டாம். அவளுக்கு ஆற்றைப் பார்க்க நேரமில்லை.)

அவள் பம்ப் ஆபரேட்டர். போன கோடையில் மணி அடித்ததும் ஊருக்கே தண்ணீரை நிறுத்தினாள். சோதனையில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து கூட வேலை செய்பவர்களுக்கு அவள் மட்டியக்கா. (மட்டி என்றால் முட்டாள் என்றும் பொருள் உண்டே, அந்தப் பெயரை வைக்க அவர்கள் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள்.)

3

இன்று காலை மறுபடி மணி. கருவிகள் எல்லாம் சரி என்றன. மட்டிகளோ ஒன்று பாக்கியில்லாமல் மூடிக் கிடந்தன. ஆய்வகம் பதில் சொல்ல மத்தியானம் ஆகும், இன்னொரு தடவை சும்மா நிறுத்தினால் தன்னால் அவளைக் காப்பாற்ற முடியாது என்று மேலதிகாரி போனில் அலுத்துக்கொண்டார். பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

முதல் வரைவில் அவள் உடனே வால்வை மூடினாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு லேசாக யார் மூடுவார்கள்? அதனால் அவளுக்குச் சிறுநீரகம் பழுதான ஒரு தங்கையைக் கொடுத்தேன். அதே நேரம் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் நாற்காலியில், இந்தத் தண்ணீரை நம்பிப் படுத்திருக்கிறாள். [கொடுத்த பிறகு மனசு கேட்கவில்லை. எடுக்கவும் முடியவில்லை.]

தண்ணீர் நின்றால் சிகிச்சை பாதியில் நிற்கும். நஞ்சிருந்தால் அது ரத்தத்தில் கலக்கும்.

4

தங்கையை அழைத்தாள்.

"மெஷினை நிறுத்தச் சொல்லுடி. தண்ணி மேல சந்தேகமா இருக்கு."

"மறுபடியும் உன் மட்டிங்களா?"

"ஆமா."

"கால் ஏற்கெனவே வீங்கிக் கெடக்குக்கா," என்றாள் தங்கை. பிறகு, "சரி, சொல்றேன். நீ மூடு."

அக்கா மூடினாள்.

5

ஆய்வக முடிவை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நஞ்சு இருந்தது; மேலதிகாரி வந்து கைகொடுத்தார். படிக்கக் கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் ஒன்றும் இல்லை. அவளை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அதைக் கிழித்துப் போட்டேன்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மத்தியானம் வரைதான் தெரியும். நிலையத்து வாசலில் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. தங்கை வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, வீங்கிய காலை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள்.

"இதுல எது உன் பேச்சைக் கேக்கும்?"

"ஒண்ணும் கேக்காது. நான்தான் அதுங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. அக்கா எழுந்தாள். தங்கையும் நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்து, வெறுங்காலோடு, அவள் பின்னாலேயே போனாள்.