மயிரிழை விலகாத புத்தகம்

மனோர் பார்க்கில் நாற்பது வருடம் கலியாணக் கார்ட் அடித்த தில்லையம்பலம், ஜப்பானின் ஒசாகாவிலிருந்து காலையில் வந்த கம்பனி ஆண்டறிக்கையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார். நான்கு நிறமும் மயிரிழை விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று குந்தியிருந்தன. அதுதான் அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

மையை மூக்கருகில் பிடித்து மணந்தே மெஷினின் வயதைச் சொல்லக்கூடிய மனிதர். ஒருமுறை ஒரு கார்ட்டை மணந்துவிட்டு, இந்தக் கலியாணம் நடக்காது என்றார், நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் அவரைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் கடையை விற்ற காசு கையில் இருந்தது. ஜப்பானில் அச்சுக் கம்பனிகள் தொழிலை மாற்றுகின்றன, இப்போதே பங்கு வாங்கிவிட வேண்டும் என்று எங்கோ வாசித்தார். மூன்று கம்பனிகளுக்கு ஆண்டறிக்கை கேட்டு எழுதினார். இரண்டு கம்பனிகள், இணையத்தில் பார்க்கவும் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டன. ஒசாகாக்காரன் விமானத் தபாலில் புத்தகமே அனுப்பினான். "இப்பிடி அடிக்கிறவன் ஏமாத்தமாட்டான்" என்று மனைவி நகுலேஸ்வரியிடம் சொல்லி, முழுக்காசையும் அவனிடமே போட்டார்.

மற்ற இரண்டும் அச்சைக் கைவிட்டன. ஒன்று கம்ப்யூட்டர் சிப்புக்குப் படலம் செய்தது, மற்றது பற்றரிக்கு உறை செய்தது. அவற்றின் பங்கு மூன்று மடங்கு ஏறியது. ஒசாகாக்காரனோ, தொழில் மாற்றம் அடுத்த வருடம் என்று வருடாவருடம் வெகு அழகாக அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்தான். அவனுடைய பங்கு தேர்முட்டியில் நிற்கிற தேர்போல அசையவில்லை.

சட்டனில் இருக்கும் மகள் கம்சிகாவின் பக்கத்து வீடு விலைக்கு வந்திருந்தது. அவளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கும். வெள்ளிக்கிழமைக்குள் இவர்கள் காசைக் காட்டாவிட்டால் வீடு வேறு யாருக்கோ.

புத்தகத்துக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. இனிமேல் அறிக்கை அச்சிடப்படமாட்டாதாம். தில்லையம்பலம் இரண்டு தரம் வாசித்தார்.

"இஞ்சாருமப்பா, இவன் மாறுறான். இனித்தான் ஏறும். இப்ப விக்கிறது விசர் வேலை."

"அஞ்சு வரியமா உதைத்தான் சொல்லுறியள்," என்றாள் நகுலேஸ்வரி. "பேரப்பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமும் போயிடும். உங்கட ஜப்பான்காரன் அப்பவும் மாறிக்கொண்டிருப்பான்."

போனை எடுத்து, பங்கை விற்கிற பக்கம்வரைக்கும் தானே தட்டிக்கொண்டு போய், அவர் முன்னால் வைத்தாள். கைரேகை கேட்டது. அவர் பெருவிரலை வைத்தார். ஆளைத் தெரியாது என்றது. மண்ணெண்ணெயில் மை கழுவிக் கழுவித் தேய்ந்த விரல். பத்துத் தரத்துக்கு ஒருதரம்தான் போன் அவரை ஒப்புக்கொள்ளும்.

நகுலேஸ்வரி அந்த விரலைப் பிடித்து, தன் சுவெற்றர் நுனியால் துடைத்து, வாயால் ஊதி, திரும்பவும் போன் கண்ணாடியில் வைத்தாள். அவர் விரலை இழுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை.