நாலு விரல் வித்தியாசம்

“மாப்பிள்ளைகிட்ட கேட்டியாம்மா?”

“சமயம் பாத்துக் கேக்கறேன்பா.”

“அவசரமில்ல. எனக்கென்ன, நான் பாட்டுக்கு இருக்கேன்.”

போன வாரம், ஊரில் தனியாக இருக்கும் அப்பா போனில் பேசியது அவ்வளவுதான். நடுங்கும் கையால் உலைப் பாத்திரத்தைக் காலில் கவிழ்த்துக்கொண்டதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் மகளுக்குத் தெரியும். அவள் வீட்டில் ஓர் அறை இருக்கத்தான் செய்கிறது. அதில் கணவன் குழாய்களையும் பம்பையும் அடுக்கி வைத்திருக்கிறான். அதை அப்பாவுக்காகக் கேட்க ஒரு வருஷமாக அவளுக்கு வாய் வரவில்லை.

இருவருக்கும் ஒரே தொழில். இன்று ஒரு பெட்ரோல் கிடங்கின் பின்புறம் மூன்று கண்காணிப்புக் கிணறுகள். கிணறு என்பது பெயருக்குத்தான். கை நுழையும் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதைச் சுற்றி இரும்பு உறை. எண்ணெய் கசிந்து நிலத்தடி நீரில் கலக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போட்டவை. காலை முழுக்க அவன் தட்டு மாட்டிய கம்பியைக் குழாய்க்குள் ஏற்றி இறக்கிச் சேற்றை வெளியேற்றினான். கலங்கல் வந்துகொண்டே இருந்தது. அவன் அலுத்துக்கொள்ளவே இல்லை. “இன்னும் கொஞ்சம்டா ராஜா, தெளிஞ்சிடும்” என்று குழாயைக் கொஞ்சினான். தன் பேச்சை ஒருநாளாவது அவன் இத்தனை பொறுமையாகக் கேட்டதுண்டா என்று நினைத்தபடி அவள் வாளியைக் கவிழ்த்தாள்.

மதியம் குழாய் வாய்களின் உயரத்தை அளக்க மட்டம் எடுத்தார்கள். அவன் முக்காலியில் பொருத்திய கருவிக்குப் பின்னால் நிற்க, அவள் குழாயின் வாயில் வெட்டிய குறியில் அளவுக் கோலை நிமிர்த்திப் பிடித்தாள். தூரத்திலிருந்து கைஜாடை வரும்: இந்தப் பக்கம் சாய், அந்தப் பக்கம் சாய், அசையாதே. வீட்டிலும் கிட்டத்தட்ட அதே பாஷைதான்.

அவன் கருவியை இடம் மாற்றும்போது கோல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாவது கிணற்றில் அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அப்பா. பதறிப்போய் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கோலை மறுபடி நிமிர்த்தினாள்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சரிபார்த்தால் கணக்கு இடித்தது.

அவன் நேராக இரண்டாவது கிணற்றுக்குப் போனான். உறையின் விளிம்புக்கும் குழாயின் வாய்க்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தான்.

“நாலு விரல் வித்தியாசம். குழாய்ல இருந்த கோலை எடுத்து உறை மேல வெச்சிருக்கே. கவனம் எங்க இருந்துச்சு?”

“போன் வந்துச்சு. அப்பா.”

“அவருக்கு வேற நேரமே கிடைக்கலையா?” குடை பிடித்து நின்ற கிடங்கு வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்தான். “எங்க மாமனார் கை நடுக்கம் மகளுக்கும் ஒட்டிக்கிச்சு பாருங்கண்ணே!”

“பெரியவரை அந்தக் கோலையே ஊணிக்கிட்டு நடக்கச் சொல்லுங்க சார்,” என்றான் வாட்ச்மேன்.

அவள் சிரிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை.

“முதல்லேருந்து எடுக்கணும். போய் நில்லு. அசையாதே.”

போய் நின்றாள். அவன் குனிந்து கருவியில் கண்ணை வைத்தான். பையில் போன் மறுபடி அடித்தது.

அவள் கோலைத் தரையில் கிடத்திவிட்டுப் போனை எடுத்தாள். “வெச்சிடாதீங்கப்பா, லைன்லயே இருங்க” என்றாள். பிறகு போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, கிடங்கு முழுக்கக் கேட்கும்படி குரலெடுத்தாள்:

“ஏங்க! அந்தப் பைப் ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. எங்கப்பா இனிமே நம்மகூட இருக்கட்டும்!”