ஆலை ஓடாத நாளில் பாகு வாசனை

ஆனந்தராஜ் எதிர்க் கடையில் பார்சல் டீ வாங்கிக்கொண்டு மாடியேறினான். திண்டிவனம் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், மனைவி அருணாவின் கட்டிலருகே ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். கையில் படிவம்.

டாக்டர் கலையரசி. தாய்ப்பாலைக்கூட உடம்பு ஏற்காத கைக்குழந்தைகளைப் பற்றி விழுப்புரத்தில் ஆராய்ச்சி செய்பவர். வாரம் ஒருநாள் இங்கே வருவார்.

அருணாவின் மடியில், பிறந்து ஆறே நாளான ஆண் குழந்தை. நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லை.

“எத்தனாவது குழந்தை?”

அருணா வாய் திறப்பதற்குள் ஆனந்தராஜ் முந்திக்கொண்டான். “தலைச்சன் பிள்ளைங்க.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சொந்தத்துலயா கல்யாணம்?”

“அக்கா பொண்ணுங்க. நான் தாய்மாமன்.” அதில் அவனுக்குப் பெருமை.

கலையரசி குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்தார். சட்டென்று நின்றார். அதன் ஈர இடுப்புத்துணியை உருவி மூக்கருகே கொண்டுபோனார்.

“பாகு வாசனை வருதே?”

ஆனந்தராஜ் சிரித்துவிட்டான். “அது என் வாசனைங்க. வல்லத்துப் பக்கம் வெல்ல ஆலையில பாகுக்குப் பதம் பாக்கறவன் நான். பஸ்ல ஏறினா, ‘இன்னாப்பா, அதிரசம் எடுத்துகினு போறியா’ன்னு கேக்கறானுங்க.”

“நெசந்தாங்க. மாமா சட்டையத் தொவச்சுப் போட்டாலும் எறும்பு வரும்” என்றாள் அருணா.

“ஆலைக்குக் கடைசியா எப்போ போனீங்க?”

“பொங்கலுக்கு முன்னாடிங்க. மோட்டாரு பூட்ச்சு. இருவது நாளா ஊட்லதான் குந்திக்கினு...”

சிரிப்பு பாதியில் நின்றது.

கலையரசி துணியை நீட்டினார். “பதம் பாக்கற மூக்கு உங்களுது. நீங்களே சொல்லுங்க. இது ஆலைப் பாகா?”

முகர்ந்தான். கொப்பரைப் பாகில் கரும்பின் பச்சை வாடை இருக்கும். சக்கைப் புகை இருக்கும். இதில் எதுவுமில்லை. அடிப்பிடித்த சர்க்கரை மாதிரி வெறும் தித்திப்பு. இந்த வாசனை அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இன்னொரு சின்னத் துணியில்.

அவன் கலையரசி பக்கம் திரும்பினான்.

“மொதல்ல ஒரு பையன் இருந்தான்ங்க. எட்டு நாளுதான். இதே மாதிரி பால் குடிக்கல. இதே வாசனை. என் மேலேருந்து ஒட்டிக்கிச்சுன்னு இருந்துட்டோம். செத்த பிள்ள பேச்ச எடுத்தா இருக்கற பிள்ளைக்கு ஆவாதுன்னு அக்கா சொல்லிச்சு. பிரசவம் பாத்த எடத்துலயும் சொல்லல.”

“ராசி கெட்டவன்னு ஊரே என்னச் சொல்லிச்சு” என்றாள் அருணா. “நீயும் கேட்டுகினுதான இருந்த, மாமா?”



“அருணா, உங்க பால்லயும் குறையில்ல, ராசியிலயும் குறையில்ல” என்றார் கலையரசி. “பால்ல இருக்கற புரதத்துல ஒரு பகுதிய இவன் உடம்பால செலவழிக்க முடியல. தேங்கி விஷமாகுதுன்னு சந்தேகப்படறேன். மூத்திரத்துல இந்தப் பாகு வாசனை வர்றது அதாலதான். உங்க ரெண்டு பேர் உடம்புலயும் ஒரே குறை வெளிய தெரியாம இருக்கலாம். நெருங்கின சொந்தத்துல அது ஒண்ணு சேர்ற வாய்ப்பு அதிகம். மீதிய அப்புறம் பேசலாம். இப்ப நேரமில்ல!”

குதிகாலில் ஊசி. அட்டையில் நான்கு ரத்தச் சொட்டு. பால் நிறுத்தப்பட்டது, குளுக்கோஸ் ஏறியது. கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் விழுப்புரத்தை நோக்கிப் பறந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது கலையரசி படிவத்தைத் திருத்தினார். “மூத்தவன் பேரு?”

“வைக்கறதுக்குள்ள பூட்டான்ங்க.”

“வச்சேன்” என்றாள் அருணா. “செழியன். யாருக்கும் தெரியாம காதுல சொன்னேன்.”

ஆனந்தராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விழுப்புரம் வரைக்கும் விடவில்லை.

சந்தேகம் சரிதான் என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. நான்காம் நாள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி பையன் அழுதான். நோய் போய்விடவில்லை. தனிப் பால்மாவு, டாக்டர் சொன்ன அளவுக்கு மட்டும் தாய்ப்பால். அளந்து ஊட்டினால் வளர்வான்.

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது அருணாவின் அம்மா சின்னபொண்ணுவும் கூட வந்தாள். புது நர்ஸ் நோட்டைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டாள்.

“எத்தனாவது குழந்தை?”

“ரெண்டாவதுங்க” என்றான் ஆனந்தராஜ். “மூத்தவன் எட்டு நாள் இருந்தான்.”

“டேய், நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்ச ஏண்டா...” சின்னபொண்ணு பதறினாள்.

“பேசாம இருந்துதான் இவனையும் குழியில வைக்கப் பாத்தோம், அக்கா. பூட்ட பிள்ளயப் பத்தி டாக்டருகிட்ட சொன்னாத்தான் இருக்கற பிள்ள பொழைக்கும். பெத்தவ ராசியப் பேசி ஒரு உசுரும் நிக்காது. அருணா தம்பிக்கும் சொந்தத்துலயே பொண்ணு பாத்துகினு இருக்கியே, மொதல்ல ரெண்டு பேரையும் இங்க இட்டாந்து டெஸ்ட் எடு.”

சின்னபொண்ணு மகளைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நர்ஸ் பக்கம் குனிந்தாள்.

“எழுதிக்கோம்மா. செழியன். என் மூத்த பேரன்.”