பானைக்குள் மணி

கைபேசிக் கோபுரம் முதலில் சிவப்பா நீலமா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. என் மனைவி வலாசி சிவப்பு என்கிறாள். அப்படியே இருக்கட்டும். வேறு ஏதோ கடலில், எங்களுடையதைப் போன்ற ஒரு சின்னத் தீவில் தொடங்கிய கம்பெனி அது என்றார்கள். தீவு தீவாகத் தாவி எங்கள் சவாயித் தீவு வரை வந்து, தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் கோபுரத்தை நட்டது. அதுவரை வெளிநாட்டில், ஆக்லாந்தில் இருக்கும் மகள் லுசியாவோடு பேச, பஸ் பிடித்துத் தபால் நிலையம் போய் வரிசையில் நிற்க வேண்டும். கொஞ்ச நாளில் ஊரில் எல்லார் இடுப்பிலும் கைபேசி. எல்லாம் ஒரே மாதிரி, எல்லாவற்றுக்கும் ஒரே மணியோசை.

மாலையில் சங்கு ஊதினால் ஜெபம். ஊர்த்தலைவர் துவாலா ஆமென் சொல்லி, மறு சங்கு ஊதும்வரை யாரும் இடம்விட்டு அசையக் கூடாது. சங்கு ஊதும் இளைஞர்கள் சாலையில் காவல் நிற்பார்கள். அந்த நேரத்தில் கைபேசி ஒலித்தால் அந்த வீடு ஒரு பெட்டி மீன் டின் தண்டம் தர வேண்டும் என்று அவரே சட்டம் போட்டிருந்தார்.

அன்று லுசியா தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். காலையில் மருமகன் சொன்னதோடு சரி, பிறகு கைபேசி வாயே திறக்கவில்லை.

சங்கு ஊதியதும், "அணைச்சு வெச்சிடு" என்றேன்.

"அணைச்சா திரும்ப உயிர் வருமோ என்னமோ. நான் மாட்டேன்."

சத்தம் வெளியே கேட்காதிருக்க, வலாசி அதைப் பெரிய அலுமினியப் பானைக்குள் போட்டுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள்.

ஜெபத்தின் நடுவே அது அடித்தது. பானை சத்தத்தை விழுங்கவில்லை, தேவாலய மணிபோலப் பெருக்கியது. சுவரில்லாத வீடுகள் எங்களுடையவை. வரிசையாக எல்லா வீட்டிலும் கைகள் இடுப்புக்குப் போவதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் துவாலாவின் கையும் போனது.

மணி நின்றது. வலாசி கண்ணை மூடவில்லை. பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல செய்தி என்றால் இன்னொரு முறை கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கெட்ட செய்தி என்றாலும் கூப்பிடுவார்கள்.

மறுபடி அடித்தது. துவாலா அப்போதுதான் அரசாங்கத்துக்காக வேண்டத் தொடங்கியிருந்தார். அதற்குப் பிறகு மழை, மீன், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் என்று நீளும்.

"ஆண்டவரே, மிச்சமெல்லாம் உமக்கே தெரியும். ஆமென்!" என்றார். பிறகு சாலையில் காவல் நின்ற இளைஞர்களைப் பார்த்து, "ஊதுங்கடா சங்க! என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க?"

சங்கு முடிவதற்குள் அடுத்த அதட்டல் வந்தது. "ஏ வலாசி, எடும்மா! உள்ளயே வெந்துடப் போகுது!"

எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். எந்தப் பொத்தானை அழுத்தினாளோ, மறுபடி அதைப் பானைக்குள்ளேயே வைத்தாள். ஊரே எங்கள் வீட்டுத் தூண்களைச் சுற்றி நின்றது. பானைக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டது.

"என்ன குழந்தை?"

"பொண்ணு!" என்றது பானைக்குள் மருமகனின் குரல்.

"தொண்டையப் பாத்தா துவாலா ஐயா ஜெபம் பண்ற மாதிரியில்ல இருக்கு!"

பானைக்குள் பாதித் தலையை விட்டிருந்த துவாலா நிமிராமலே, "தண்டம் தண்டம்தான்" என்றார்.

மறுநாள் கொடுத்தோம். ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அதிகம் சாப்பிட்டவர் அவர்தான்.

துவாலா இப்போது இல்லை. கம்பெனி இன்னும் பல தீவுகளுக்குப் பரவி, பிறகு வேறொரு நாட்டுப் பெரிய கம்பெனியின் கைக்குப் போனது. கோபுரத்துக்கு வேறு நிறம் அடித்தார்கள். சங்கு ஊதிய இளைஞர்களில் பாதிப்பேர் ஆக்லாந்தில் வேலை செய்கிறார்கள். பேத்தி திரையில் முகம் காட்டிப் பேசுகிறாள். அந்தப் பானையில் வலாசி கோகோ கஞ்சி காய்ச்சுகிறாள்.