முதுகில் விழுந்த கண்டம்

பொன்னுலிங்கம் ஒரு வண்டியின் முதுகில் 'கண்டம்' என்று எழுதிவிட்டால், பொழுது சாய்வதற்குள் அது தானாகவே பின்வாசலுக்குப் போய்விடும். கிடங்கில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பேட்டரி இருக்கிறதா, சக்கரம் இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. போகும். வாசல் திறக்கும், மூடும். போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

கண்டம் என்றால் இனி ஆகாது, ஒதுக்கு என்று அர்த்தம். ஜாதகத்தில் வருகிற கண்டம் வேறு. தூத்துக்குடி ஒர்க்‌ஷாப்புகளில் குழந்தைக்குக்கூட இது தெரியும். பொன்னுலிங்கத்தின் மனைவி சந்தனமாரிக்கு மட்டும் தெரியாது.

பொன்னுலிங்கம் கிடங்கின் தலைமை மெக்கானிக். ஃபோர்க்லிஃப்ட், கன்வேயர் பெல்ட், சரக்கு லிஃப்ட் எல்லாம் அவர் பொறுப்பு. கைராசிக்காரர் என்று பெயர். கண்டம் எழுதுகிற உரிமையும் அவருக்கு மட்டும்தான். அழிப்பதற்கும் அதே சட்டம். எழுதின கைதான் அழிக்க வேண்டும். வேறு யாராவது மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தால் எழுத்து இன்னும் பளிச்சென்று ஆகும், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு பழைய ஃபோர்க்லிஃப்ட்டின் சங்கிலி இற்றுப் போயிருந்தது. சிவப்புப் பெயிண்ட்டில் கண்டம் என்று எழுதினார். டீ வந்தது. வேலை முடிந்ததும் அந்த வண்டிமேலேயே சாய்ந்துகொண்டு டீ குடிப்பது அவர் வழக்கம். சாய்ந்தார். குடித்தார். பெயிண்ட் காயவில்லை என்பது டீ தீர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தார். வண்டியில் எழுத்து இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, உங்க முதுகுல" என்றார் அருளப்பன். இரண்டாவது மெக்கானிக். ரொம்பக் காலமாகவே இரண்டாவது.

"இடவலமாத் திரும்பித்தானே பதிஞ்சிருக்கும்?"

"இல்ல அண்ணாச்சி. நேராத்தான் இருக்கு. நல்லா வாசிக்க முடியுது."

சட்டையைக் கழற்றிப் பார்த்தார். சட்டையில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. எழுத்து தோலுக்கு இறங்கியிருந்தது. சூரியன் அதற்குள் மேற்கு ஷட்டருக்கு வந்திருந்தது.

பனியன் வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் முக்கி வலது கையை முதுகுக்குக் கொண்டுபோனார். எட்டவில்லை. தோளுக்கு மேலே கொண்டுபோனார். எட்டவில்லை. அரிப்பெடுத்தால் எட்டாத அதே இடம்தான், பாவி மனுஷனுக்கு அங்கேயே விழுந்திருந்தது. குச்சியில் துணியைச் சுற்றித் தேய்த்தார்.

"அழியுதா?"

"இல்ல. குச்சி கையில்லையே அண்ணாச்சி."

மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார். முதுகை ஒரு தடவை வாசித்தார். பொன்னுலிங்கம் வணக்கம் வைத்தார். மேனேஜர் பதில் வணக்கம் வைக்கவில்லை.

"அருளப்பன், இதை நடைபாதையில விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'இதை' பொன்னுலிங்கத்தின் காதில் விழுந்தது. முன்வாசலைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். ரோட்டுக்குப் போய்விட்டால் போதும். ஆனால் அவர் நடக்க நடக்க, இரண்டு பக்கமும் மூட்டை அடுக்கிய ராக்குகள் நீண்டுகொண்டே போயின. வாசல் ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்தது.

பாண்ட் பையில் போன் அடித்தது. சந்தனமாரி.

"ஏங்க, ஜோசியர் சொன்ன கண்டம் இன்னைக்குத்தான். பொழுது சாய்ஞ்சா கழிஞ்சிருமாம். அதுவரைக்கும் தண்ணிப் பக்கம் போவாதீங்க."

"தண்ணி இல்ல. பெயிண்ட்."

"எதுவா இருந்தாலும் தள்ளியே நில்லுங்க. பாறைமீன் கொழம்பு வச்சிருக்கேன். நேரத்துக்கு வந்துருவீங்கல்ல?"

வந்துருவேன் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் இடுப்பு தானாகத் திரும்பியது. ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் பின்சக்கரம்தான் திரும்பும். அவருக்கும் அப்படியே ஆகிவிட்டது. கால்கள் பின்னோக்கி எட்டு வைத்தன. நெஞ்சுக்குள்ளிருந்து பீப், பீப் என்று ரிவர்ஸ் சத்தம் கேட்டது.

"என்னங்க அங்க சத்தம்?"

"வண்டி வருது" என்று சொல்லி போனை வைத்தார்.

பயத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். இவருக்குக் கால் ஓடியது. ராக்கின் இரும்புத் தூணை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கால்கள் இழுத்தபடியே இருந்தன.

அருளப்பன் ஸ்பேனரோடு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. கண்டமான வண்டியில நல்ல சாமான் இருந்தா மொதல்ல கழட்டி வச்சுக்கணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"என்கிட்ட என்னவே நல்ல சாமான் இருக்கு?"

"கை இருக்குல்லா. கைராசியான கை."

பொன்னுலிங்கம் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார். அதில் ஒரு நட்டு இருந்தது. இத்தனை வருஷமும் அதை எலும்பு என்றே நினைத்திருந்தார். அடுத்த நொடி அவருக்கு மூச்சு வந்தது.

"கழட்டும்வே" என்றார். "சீக்கிரம் கழட்டும். எழுதின கைதானே அழிக்கணும்? அந்தக் கைய எடுத்து என் முதுகைத் துடைச்சு விடும். பொறவு நீரே வச்சுக்கிடும். நான் வீட்டுக்குப் போனாப் போதும்."

அருளப்பனின் முகம் மலர்ந்தது. ஸ்பேனரைப் போட்டார். கை கழன்று வந்தது. வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்றுதான் பயமாக இருந்தது. பொன்னுலிங்கம் இடது கையால் தூணைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டினார்.

பின்னால் டக் டக்கென்று ஏதோ கழற்றி மாட்டுகிற சத்தம். பிறகு முதுகில் மண்ணெண்ணெய் ஈரம். துணி மேலும் கீழும் போனது.

"அழிஞ்சுதாவே?"

துணி நின்றது.

"அருளப்பன்?"

"பளிச்சுனு ஆயிருச்சு அண்ணாச்சி."

பொன்னுலிங்கம் திரும்பினார். அருளப்பனின் பழைய கை டூல்ஸ் பெட்டியில் கிடந்தது. புதுக்கை அவர் மணிக்கட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"ஏன்வே மாட்டினீரு? மாட்டினா அது உம்ம கைல்லா?"

"கழட்டின சாமான் சும்மா கெடக்கக் கூடாது, ஒடனே மாட்டிப் பாத்துரணும்னு சொல்லுவீங்களே. பழக்கத்துல மாட்டிட்டேன்."

"திரும்பக் கழட்டும்."

அருளப்பன் இடது கையால் ஸ்பேனரைப் போட்டு முக்கினார். நட்டு அசையவில்லை. "நல்லா உக்காந்துருச்சு அண்ணாச்சி" என்று சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். புதுக்கை அழவில்லை. அது பிரஷ்ஷை எடுத்துப் பெயிண்ட்டைக் கலக்கிக்கொண்டிருந்தது.

மேற்கு ஷட்டரில் வெளிச்சம் அணைந்தது. ஒற்றைக் கை தூணை விட்டது.

பீப், பீப் என்று பொன்னுலிங்கம் பின்வாசலுக்குப் போனார். வாசல் திறந்தது, மூடியது.

உள்ளே அவர் எழுதி அனுப்பிய வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன. ஒன்றுக்குச் சங்கிலி இல்லை. ஒன்றுக்கு ஸ்டியரிங் இல்லை. எல்லாம் அவர் கழற்றியவை. ஒரே சமயத்தில் விளக்குகளைப் போட்டன.

"மெக்கானிக் வந்தாச்சு" என்றது ஒரு வண்டி.

பொன்னுலிங்கம் கையில்லாத வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். விளக்குகள் எல்லாம் அதன்மேல் குவிந்தன.

"சரி" என்றது முன்னால் நின்றது. "இருக்கிற சாமானைக் கழட்டிக்கிடுவோம்."

போன் அடித்தது. இடது கையால் எடுத்தார்.

"பொழுது சாய்ஞ்சிருச்சு, இன்னும் காணுமே" என்றாள் சந்தனமாரி. "கண்டம் கழிஞ்சுதா?"

இரண்டு இரும்புக் கரங்கள் அவர் பாதங்களுக்கு அடியில் நுழைந்து அவரை மெல்ல மேலே தூக்கின. முழங்காலில் ஏதோ ஒரு நட்டு திரும்பத் தொடங்கியது.

"கழியுது சந்தனம்" என்றார். "ஒவ்வொண்ணா கழியுது."